ஒப்புதல் தருபவர்: அர்த்தனாரி

ஜனவரி 8, திங்கள்

தம்பி பூபதி இன்று ஒரு வேலையை என் தலையில் கட்டினான். கம்பெனிக்குப் புதிய கணக்கு சாஃப்ட்வேர் பார்க்க வேண்டுமாம். மூன்று கம்பெனிக்காரர்களை வரவழைத்து, அவர்கள் காட்டுவதைப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏப்ரல் முதல் தேதி ஓட விட வேண்டும்.

"உனக்குத்தான்க்கா பொறுமை இருக்குது" என்றான். பொறுமை உள்ளவர்களுக்கு நாற்காலி கிடைக்காது, வேலை மட்டும் தேடி வரும்.

இந்த நோட்டை அதற்காகத்தான் தொடங்கியிருக்கிறேன். எந்த சாஃப்ட்வேரில் என்ன வசதி, என்ன குறை என்று குறித்து வைக்க. வேறு எதுவும் எழுதுவதாக இல்லை.

எங்களுடையது பஸ்ஸுக்கு பாடி கட்டும் தொழில். வண்டிக்காரர்கள் என்ஜினும் சக்கரமும் மட்டும் உள்ள சேஸிஸைக் கொண்டுவந்து விடுவார்கள். கூரை, சீட்டு, கண்ணாடி, படிக்கட்டு எல்லாம் எங்கள் யார்டில் ஏறி, பஸ்ஸாக வெளியே போகும். கரூரில் இந்தத் தொழில் தெருவுக்குத் தெரு உண்டு. அப்பா பெயரில் ஓடும் அர்த்தனாரி பாடி ஒர்க்ஸ் என்றால் கொஞ்சம் மதிப்பும் உண்டு.

இப்போதுள்ள சாஃப்ட்வேர், அப்பா ஈரோட்டுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதி வாங்கியது. எழுதியவர் கனடா போய்விட்டார். எங்கள் ஆடிட்டர் கோபாலரத்தினம் அதைப் பார்த்தாலே தலையில் கை வைக்கிறார்.

"ஆரு எதைத் திருத்துனாலும் தடம் இருக்கோணுமுங்க. சட்டமே வந்தாச்சு. உங்க பழசுல ஆரு வேணா எதை வேணா அழிக்கலாம். இந்த வருசத்தோட இதை மூடிப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மூடத்தான் வேண்டும். எனக்கென்ன.

அப்பா இன்று மூன்று பாஸ் பண்ணினார். ஒன்றுக்குப் பொறு.

ஜனவரி 11, வியாழன்

எங்களுக்கு என்ன வேண்டும் என்று வரிசையாக எழுதினேன். வரும் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சோதனை வைப்பதாக முடிவு. ஒருவர் சேஸிஸ் விடுகிறார். பாதி வேலை ஆனபின் சீட்டை மாற்றச் சொல்கிறார். கழற்றிய சீட்டின் ஸ்பாஞ்சு அடுத்த வண்டிக்குப் போகிறது. இது உங்கள் சாஃப்ட்வேரில் எங்கே தெரியும்? இதற்கு விழிக்கிறவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

அடுத்து ஒப்புதல். இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும்.

அப்பா பேச்சில் எதற்கும் ஆமாம், இல்லை சொல்ல மாட்டார். துண்டுச் சீட்டில் ஒரே வார்த்தை எழுதுவார். 'சரி' அல்லது 'பொறு'. சாஃப்ட்வேர் வந்தபோது அதற்கென்றே ஒரு குறிப்புப் பெட்டி வைக்கச் சொன்னார். தகடு வாங்க, ஆளுக்கு லீவு கொடுக்க, வண்டியை கேட்டை விட்டு வெளியே அனுப்ப, எல்லாவற்றுக்கும் அவருடைய ஐடியில் 'சரி' விழ வேண்டும். விழாவிட்டால் கேட் பாஸ் அச்சாகாது. வாட்ச்மேன் கதவைத் திறக்க மாட்டார்.

அப்பா போய் மூன்று வருடமாகிறது. இதை இங்கே எழுதாவிட்டால் குழப்பம்தான் வரும்.

அவர் இறந்த மூன்றாம் நாள் ஒரு வண்டி வெளியே போக வேண்டியிருந்தது. பழனிக்குக் காவடி கூட்டம் ஏற்ற வேண்டிய வண்டி. மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். கேட் பாஸ் வரவில்லை. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து 'சரி' தட்டினேன். அச்சு இயந்திரம் ஓடியது. எங்கள் மேஸ்திரி கருப்பண்ணன் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மொதலாளி உட்டுட்டாருங்க" என்றார். டிரைவர் அழுதுகொண்டே வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லி நிறுத்துவது?

அன்றிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் பாஸ் ஆகிவிடும். யார் போட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. "வந்துருச்சுங்க" என்பார்கள். "பொறுன்னு வந்துருக்குதுங்க" என்பார்கள். மழை வந்ததைச் சொல்வது போலச் சொல்வார்கள்.

பூபதியும் அப்படித்தான் சொல்வான். அவனுக்குத் தெரியும். நாற்பது தாண்டியவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

ஜனவரி 23, செவ்வாய்

சென்னைக்காரர்கள் வந்தார்கள். சட்டை கசங்காத இரண்டு பையன்கள். படம் படமாகக் காட்டினார்கள். ஸ்பாஞ்சு கேள்விக்கு அவர்கள் சாஃப்ட்வேர் சேஸிஸையே நாங்கள் வாங்கிய சரக்காக எழுதிக்கொண்டது. அடுத்தவன் வண்டியை எங்கள் சொத்தாக்கிக் காட்டினால் ஆடிட்டர் என்னைத்தான் பிடித்துக் கொடுப்பார். டீ கொடுத்து அனுப்பினேன்.

நடுவில் ஒன்று நடந்தது. அவர்களில் ஒருவன் திரையைப் பார்த்தபடியே, "ஃபைனல் அப்ரூவல் யார் சார் குடுப்பாங்க?" என்று கேட்டான்.

"அப்பா" என்றான் பூபதி.

"சார் இன்னிக்கு வரலையா?"

பூபதி ஒருமுறை நிமிர்ந்து மேலே பார்த்தான். பிறகு, "வெளிய போயிருக்காரு" என்றான்.

அந்தப் பையனுடைய தலைக்கு நேர் மேலே அப்பா படம். சந்தன மாலை, சிவப்பு பல்பு. கருப்பண்ணன் குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது.

ஜனவரி 30, செவ்வாய்

பெங்களூர்க்காரர்கள் வரவே இல்லை. கம்ப்யூட்டரிலேயே முகம் காட்டிப் பேசினார்கள். நான் கேட்டது எல்லாவற்றுக்கும் "பண்ணிக்கலாம் மேடம்" என்றார்கள். எதுவும் இப்போது இல்லை என்று அர்த்தம்.

கருப்பண்ணன் இன்று அலுவலகத்துக்குள் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அப்பா ஐடியில் இருந்தேன். "என்னங்க மேஸ்திரி?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. நீங்க செருமுனது மொதலாளி செருமுன மாதிரியே இருந்துச்சு. வெளிய இருந்து கேட்டனா, கை காலெல்லாம் ஆடிப்போச்சு."

நான் செருமினேனா? எனக்கு நினைவில்லை. ஆனால் ஒன்றை நானும் கவனித்திருக்கிறேன். பத்து விரலில் தட்டச்சு செய்பவள் நான், லோயர் ஹையர் இரண்டும் பாஸ். அந்த ஐடிக்குள் போனால் மட்டும் ஒற்றை விரல்தான் வேலை செய்கிறது. அப்பா அப்படித்தான் தட்டுவார்.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. பூபதி காலையில் நெரூர் போய் காவிரியில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் படையல் போட்டு, இலையில் எடுத்து மாடியில் வைத்தோம். காக்கை வர நேரமானது. அவன் மொட்டை வெயிலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒன்று வந்து வடையை மட்டும் கொத்திக்கொண்டு போனது. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மதியம் ஆபீஸ் வந்து பார்த்தால் அவன் ஒரு கோரிக்கை போட்டிருக்கிறான். பொருள் பெயர் இருக்கும் இடத்தில் 'ஓசூர் ஆர்டர்'. குறிப்புப் பெட்டியில்: 'அப்பா, எலக்ட்ரிக் பஸ்ஸுக்கு பாடி கட்டிக் கேக்கறாங்க. அலுமினிய ஃபிரேம். மார்ச் கடைசிக்குள்ள சொல்லோணும். எடுக்கட்டுமா?'

இதே எலக்ட்ரிக் விஷயத்தில்தான் அப்பாவும் அவனும் முட்டிக்கொண்டார்கள். இரும்பில் கட்டிய கம்பெனி அலுமினியத்துக்குப் போகாது என்று அப்பா. காலம் போன இடத்துக்குப் போகாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று இவன். யார்டு நடுவில், ஆட்கள் பார்க்க, "நீங்க உக்காந்தே கெடுத்துட்டு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அப்பா அவனோடு பேசவில்லை. ஆறேழு மாதம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்து, பேசாமலே போய்விட்டார்.

யோசித்தேன். அப்பா என்ன சொல்வார் என்று யோசிக்கவே தேவையில்லை.

'பொறு.'

பிப்ரவரி 10, சனி

"பொறுன்னு வந்துருக்குதுக்கா" என்றான் பூபதி. டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டான்.

"உனக்கு எடுக்கணும்னு இருந்தா எடுக்க வேண்டியதுதானே" என்றேன்.

"அதெப்படிக்கா" என்றான். அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, திங்கள்

பழைய பதிவுகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும். எவை போக வேண்டும், எவை வேண்டாம் என்று காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது.

பிரிக்கும்போது அது வந்துவிட்டது. வரும் என்று தெரியும், தெரிந்துதான் அந்த மாதத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். அப்பாவின் முதல் வருடத் திதி முடிந்த மறுநாள். தகடு பொருத்தும் ரிவெட் ஆணி வாங்க ஒரு கோரிக்கை. அனுப்பியது பூபதி. குறிப்புப் பெட்டியில்: 'அப்பா, எம் மேல கோவமா?'

அதற்குக் கீழே, அர்த்தனாரி ஐடியிலிருந்து: 'இல்லை.'

அப்பா இந்த சாஃப்ட்வேரில் சரி, பொறு தவிர மூன்றாவது வார்த்தை போட்டதே கிடையாது. அன்று பூபதி அதைக் கவனித்த மாதிரி இல்லை. அன்று மாலை யார்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். மறுநாள் தாடியை எடுத்துவிட்டு வந்தான். அதுவரை ஒரு வருடம் எடுக்காத தாடி.

ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகச் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பூபதி வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். நான் உள்ளே போய், "பூபதி வந்துருக்கானுங்கப்பா, வரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். அப்பா கண்ணைத் திறந்தார். "அவன் வேண்டாம்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். மருந்து மயக்கம் என்று சொல்ல முடியாது. நான் வெளியே வந்து, "அப்பா தூங்கறாரு பூபதி" என்றேன். மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

இந்த நோட்டு சாஃப்ட்வேர் பற்றியது. எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அந்த மாதத்தின் பதிவுகள் புதியதற்கு வேண்டாம் என்று குறித்தேன். பிறகு வேண்டும் என்று மாற்றினேன். மறுபடி வேண்டாம்.

மார்ச் 4, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து பெனாசிர் என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, தோளில் பெரிய பை. மற்றவர்களைப் போல நேராகத் திரையை விரிக்கவில்லை. "மொதல்ல யார்டைப் பாக்கலாங்களா மேடம்?" என்றாள். கருப்பண்ணன் அவளை எலும்புக்கூடாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போனார். வெல்டிங் பொறிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, எந்தத் தகடு எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஸ்பாஞ்சு சோதனையில் தேறிவிட்டாள். சேஸிஸ் வண்டிக்காரர் பெயரிலேயே நின்றது. கழற்றிய சீட்டு தனியாக வந்து, அடுத்த வண்டியில் ஏறியது. கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"குறிப்பு எழுத இடமிருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க மேடம். ஆனா ஒருவாட்டி எழுதிட்டா அழிக்க முடியாது. ஆரு எழுதுனது, எப்ப எழுதுனதுன்னு கூடவே நிக்கும்."

"ஒப்புதல் குடுக்கறவரு?"

"அவரோட போனுக்கு ஒரு நம்பர் வருமுங்க. அதைப் போட்டாத்தான் உள்ள போக முடியும். அதனால ஆள் மாறி ஆள் போக முடியாதுங்க."

நான் தலையாட்டினேன். என் மேசையின் கீழ் இழுப்பறையில் அப்பாவின் போன் இருக்கிறது. பேங்க், வரி எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான் என்று ஆரம்பத்தில் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். அதெல்லாம் எப்போதோ பூபதி நம்பருக்கு மாறிவிட்டது. ரீசார்ஜ் மட்டும் இன்னும் தவறாமல் போகிறது.

முடியாது என்று அவள் சொல்கிறாள். முடியும் என்று எனக்குத் தெரிகிறது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதுதான் அசிங்கம்.

மார்ச் 11, திங்கள்

பெனாசிருடையதுதான் என்று முடிவு. பூபதி சம்மதித்தான். அவனுக்கு ஒரே ஒரு கேள்வி.

"அப்பா பேரு அதுல வருமாக்கா?"

"இறந்தவங்க பேரை எப்படிடா போடறது? ஆடிட்டர் உடுவாரா?"

"கம்பெனி பேரே அர்த்தனாரிதானே. ஒப்புதல் குடுக்கற சீட்டுக்கு அந்தப் பேரு இருந்துட்டுப் போகட்டும். நம்பரும் அப்பாதே இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்க்காமல், "இத்தனை நாள் வந்துட்டு இருந்ததுக்கா. திடீர்னு நின்னா எப்படி" என்றான்.

அவனுக்குத் தெரியும் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக எழுத வரவில்லை.

ஓசூருக்கு என்ன சொன்னான் என்று கேட்டேன். "இன்னும் பொறுன்னுதானே இருக்குது" என்றான்.

மார்ச் 13, புதன்

நாளை பெனாசிர் எல்லோருக்கும் ஐடி போட வருகிறாள். அப்பா போனுக்கு முழு சார்ஜ் ஏற்றினேன். நம்பர் வந்ததும் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, எழுந்து போய் அப்பா சீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் முடிந்தது. எல்லோருக்கும் வந்ததாக இருக்கும். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

மார்ச் 14, வியாழன்

போனை சைலண்ட்டில் போட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் எழுத வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் எல்லோரும் ஆபீஸில் இருந்தோம். பெனாசிர் ஒவ்வொரு பேராகப் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்டோருக்கு ஒன்று, கருப்பண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கடைசியில், "ஒப்புதல் தர்றவர் பேருங்க சார்?" என்று கேட்டாள். "அர்த்தனாரி" என்றான் பூபதி. அப்பாவின் போன் நம்பரையும் மனப்பாடமாகச் சொன்னான். அவள் தட்டினாள். "அந்தப் போனுக்கு உள்ள போற நம்பர் அனுப்பியாச்சுங்க சார்."

என் இழுப்பறைக்குள் பஸ் ஹாரன் அடித்தது.

அப்பா அவருடைய மெசேஜ் சத்தத்துக்கு ஏர் ஹாரனைத்தான் வைத்திருந்தார். முதன்முதலில் நாங்கள் கட்டிய வண்டியின் ஹாரன், மூன்று ஸ்வரம். கேட்டால் யார்டே திரும்பிப் பார்க்கும். மூன்று வருடமாக யாரும் கேட்காத சத்தம். கருப்பண்ணன் துள்ளி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றார். ஸ்டோர்க்காரரும் எழுந்துவிட்டார். முதலாளி வருகிறார் என்று உடம்பு எழுந்துவிட்டது, அவர்கள் என்ன செய்வார்கள்.

பூபதி மட்டும் வாசலைப் பார்க்கவில்லை. என் மேசையைப் பார்த்தான். மெதுவாக வந்து, குனிந்து, இழுப்பறையைத் திறந்தான். போன் வெளிச்சமாக இருந்தது. அதைக் கையில் எடுத்து அதில் வந்திருந்த எண்ணைப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத என்னால் முடியாது. கோபமாக இருந்திருந்தால் எழுதியிருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது அவன் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

போனோடு வெளியே போய்விட்டான்.

"நம்பர் போடலீங்களா மேடம்?" என்றாள் பெனாசிர். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "இன்னைக்கு வேண்டாம்மா" என்றேன்.

மார்ச் 15, வெள்ளி

பூபதி ஆபீஸ் வரவில்லை. ஒரு வண்டி கேட்டில் நிற்கிறது. 'சரி' போட வேண்டும். ஐடிக்குள் போனேன். 'வணக்கம் அர்த்தனாரி' என்றது. விரல் எழவில்லை. வண்டிக்காரரிடம் நாளை வரச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, சனி

சாப்பாட்டு நேரத்தில் கருப்பண்ணன் வந்து, "சின்னவரு கடைசி ஷெட்டுல இருக்காருங்க அம்மிணி. காலையில இருந்து அங்கதான்" என்றார்.

போனேன். கூரை மட்டும் ஏறியிருக்கும் வண்டி. சீட்டு இல்லை, கண்ணாடி இல்லை. டிரைவர் இடத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அப்பா போன். நான் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தகரம் கொதித்தது.

"கேட் பாஸெல்லாம் நீயாக்கா?"

"நான்தான்."

"லீவு, தகடு, பிளைவுட்டு எல்லாம்?"

"எல்லாம்."

"ஆரோ தட்டறாங்கன்னு எனக்கும் தெரியுங்க்கா. நான் என்ன கொழந்தையா?" அவன் திரும்பவில்லை. "மேஸ்திரியா இருக்கும், ஆடிட்டரா இருக்கும்னு போயிட்டே இருப்பேன். உன்கிட்ட வர்றப்ப நிறுத்திக்குவேன். ஆருன்னு தெரிஞ்சா நின்னுருமில்ல?"

நான் ஓரடி முன்னால் போனேன்.

"ஓசூருக்குப் பொறு போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

"அப்பா அதைத்தான்டா சொல்லியிருப்பாரு."

"நீ என்ன சொல்லுவே?"

  எடு என்று சொல்வேனா, வேண்டாம் என்று சொல்வேனா? மூன்று வருடம் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பதில் சொன்னவளுக்கு, தன் பதில் என்ன என்று தெரியவில்லை.  அங்கே யார் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தது?

பூபதி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்தது என்ன கேட்பான் என்று தெரியும். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஒரு தடவை கேட்டனே. ரிவெட் போட்டப்ப. கோவமான்னு."

"ம்."

"அதுவும் நீதானா?"

முன்கண்ணாடி இல்லாத சட்டம் வழியாக யார்டு முழுக்கத் தெரிந்தது. கருப்பண்ணன் தூரத்தில் எங்களைப் பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"தட்டுனது நான்தான்" என்றேன். "ஆனா அப்பா சொல்லச் சொன்னதைத்தான் தட்டுனேன். ஆஸ்பத்திரியில சொன்னாரு. பூபதி மேல கோவமில்லைன்னு சொல்லிருன்னு. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரலை. நீ கேட்டப்ப தட்டிட்டேன்."

அவன் தோள் குலுங்கியது. அழட்டும் என்று நின்றேன். அவன் பின்தலையில் அப்பாவுக்கு இருந்த அதே சுழி. தொட வேண்டும் போல இருந்தது, தொடவில்லை. அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு என்னையும் வெளியே நிறுத்தியிருப்பார்.

மார்ச் 18, திங்கள்

பூபதி வந்தான். சவரம் செய்திருந்தான். நின்ற வண்டிக்கு அவனே வெறும் காகிதத்தில் கேட் பாஸ் எழுதி, கையெழுத்துப் போட்டு, கதவைத் திறக்கச் சொன்னான். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மதியத்துக்குள் ஓசூர்க்காரர்களுக்கும் போன் செய்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டான்.

அலுமினியம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது.

மார்ச் 26, செவ்வாய்

பெனாசிர் மறுபடி வந்து ஐடி வேலையை முடித்தாள். ஒப்புதல் தருபவர்கள் இருவர். வண்டி வெளியே போவதற்கு பூபதி. வாங்குவதற்கு நான். என் பெயருக்குப் பக்கத்தில் என்ன பதவி போடுவது என்று கேட்டாள். "டைரக்டர்" என்றான் பூபதி, யோசிக்காமல். கல்யாணம் முடிந்து நாலு வருடத்தில் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு பெயர் பலகை கிடையாது. கண் நிறைந்துவிட்டது. பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து போனேன்.

மார்ச் 30, சனி

பழைய சாஃப்ட்வேரின் கடைசி நாள். எல்லாவற்றையும் மூட அர்த்தனாரி ஐடியில் போய்த்தான் மூட வேண்டும். 'வெளியேற விருப்பமா?' என்று கேட்டது. ஆம், இல்லை இரண்டும் இருந்தது. ஒற்றை விரலால் ஆம் தட்டினேன்.

அந்த ரிவெட் மாதத்தைப் புதியதற்கு மாற்றவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

ஓடுகிறது. ஸ்டோர்க்காரர் இரண்டு தடவை பாஸ்வேர்டை மறந்தார். கருப்பண்ணன், "பொட்டி புதுசு, கை பழசுங்க" என்று சிரித்தார். முதல் ஒப்புதலைப் பத்து விரலிலும் தட்டினேன். என் பெயரோடு 'சாரதாமணி, சரி' என்று நின்றது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெல்டிங் சத்தமும் இல்லை. பூபதியிடமிருந்து ஒரு கோரிக்கை வந்திருந்தது. அலுமினிய ரிவெட். சரி போடப் போனேன். குறிப்புப் பெட்டியில் ஒரு வரி இருந்தது.

'அக்கா, ஆஸ்பத்திரியில அப்பா வேற ஏதாச்சும் சொன்னாரா?'

வேறு ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கலாம். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அவரைக் காவிரியோடு விட்டிருக்கலாம். கையைத் தூக்கினேன். பத்து விரலில் ஒன்று மட்டும் இறங்கியது. அது என்ன தட்டுகிறது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரோ செருமியது கேட்டது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

'பொறு.'

அழிக்கப் போனேன். அழியவில்லை. என் பெயர், இன்றைய தேதி, நேரம் எல்லாம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. இதைத்தான் நான் மூன்று மாதம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

சாயங்காலம் பூபதி கதவருகே வந்து நின்றான். அப்பாவிடமிருந்து இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போல முகமெல்லாம் வெளிச்சம். தட்டியது யார் என்று இப்போது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"பொறுன்னு வந்துருக்குதுக்கா" என்றான்.